செலவைப் பகிர்ந்து கடலேறப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். ஒருவருடைய சொந்தப் பாய்மரப் படகில், வேறு மூவரோடு சேர்ந்து, செலவைப் பங்கிட்டுக்கொண்டு மூன்று வாரம் வெப்பமண்டலக் கடலில் சுற்றிவர அழைப்பு வந்திருக்கிறது என்றும், எந்தக் கடல் என்பதை உரிமையாளர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் எழுதியிருந்தாய். அனுமதி கேட்டு நீ எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும்; உன் வயதில் அதற்குத் தேவையும் இல்லை. என் எண்ணத்தைக் கேட்டாய். போய் வா என்பதுதான் என் எண்ணம். பணிக்காலம் முழுவதையும் பெரிய கப்பல்களில் கழித்து, ஓய்வுக்குப் பிறகு நண்பர்களின் சிறு படகுகளில் இதே முறையில் பங்கு சேர்ந்து போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடலை அதன் அளவில் அறிய இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் ஏறுவதற்கு முன் அந்தப் படகில் உன் இடம் என்ன என்பதை நீயும் உரிமையாளரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட பயணங்கள் கெட்டுப்போனது புயலால் குறைவு, இந்தப் புரிதல் இல்லாமையால் அதிகம்.

கட்டணம் செலுத்தி வரும் பயணிக்குக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. வேலை செய்யும் கடமை இல்லை. விருந்தினராக வருபவருக்குக் கடமையும் குறைவு, கேள்வி கேட்கும் உரிமையும் குறைவு. செலவில் பங்கு கொடுத்து ஏறுகிற நீ அந்தப் படகின் மாலுமிகளில் ஒருத்தி. சமைப்பாய், கயிறு இழுப்பாய், இரவில் உன் முறை வரும்போது விழித்திருப்பாய், கழிவறையையும் கழுவுவாய். அதே நேரத்தில் படகு எந்த நிலையில் இருக்கிறது, அதை ஓட்டுபவருக்கு என்ன தெரியும், பணம் எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமையும் உனக்கு முழுமையாக உண்டு. கடலில் இருக்கும்போது படகை நடத்தும் தலைவரின் சொல்லே இறுதி. அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டியவற்றையெல்லாம் கரையில் இருக்கும்போதே கேட்டுவிடு.

முதலில் பணம். உரிமையாளர் உன்னிடம் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அது எவற்றுக்கெல்லாம் என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் நீ கூச்சப்படவே கூடாது. பங்கிடத் தகுந்தவை அந்தப் பயணத்தினால் நேரடியாக உண்டாகும் செலவுகள்: இயந்திரத்துக்கான டீசல், சமையல் எரிவாயு, குடிநீர், உணவு, துறைமுகத்திலும் மிதவையிலும் படகைக் கட்டுவதற்கான கட்டணம், கடல்சார் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம், ஒரு நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் ஆகும் பதிவுக் கட்டணம். படகின் ஆண்டுக் காப்பீடு, அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணம், பழைய பாயை மாற்றும் செலவு, அதை வாங்கிய கடனுக்கான தவணை ஆகியவை, நீ வந்தாலும் வராவிட்டாலும், அவருடைய செலவுகள். இவற்றையும் சேர்த்து நாள் கணக்கில் வாங்குகிறார் என்றால் அவர் படகை வாடகைக்கு விடுகிறார் என்று பொருள்.

இது வெறும் நியாயக் கணக்கு மட்டுமாக இருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். பல நாடுகளின் சட்டம் சரியாக இந்தக் கோட்டில்தான் தனியார் படகையும் வணிகப் படகையும் பிரிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில், பயணத்தின் உண்மையான செலவை விருப்பத்தின் பேரில் பகிர்ந்துகொள்வது கட்டணமாகக் கருதப்படுவதில்லை. பிரிட்டனின் விதிகளும், அந்தப் பயணத்தின்போது படகை இயக்க ஆகும் நேரடிச் செலவுக்கான பங்கைத் தவிர உரிமையாளர் வேறு பணம் பெறாதவரைதான் அதை உல்லாசப் படகு என்று ஏற்கின்றன. அந்த எல்லையைத் தாண்டினால் வணிக உரிமம், அதற்கேற்ற ஆய்வுச் சான்று, தகுதிச் சான்று பெற்ற தலைவர் என்று பலவும் தேவைப்படும். அவை இல்லாமல் வாடகைக்கு விட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். உனக்கு அடிபட்டால் அந்தக் காப்பீட்டை நம்பியிருக்கும் நீயும் அதில் பாதிக்கப்படுவாய். ஆகவே நாள் தொகையை விட்டுவிட்டு ஒரு பொதுப் பணப்பையை வைக்கச் சொல். எல்லாரும் வாரந்தோறும் சமமாகப் பணம் போடட்டும். செலவு ஒவ்வொன்றும் ஒரு நோட்டில் ஏறட்டும். மீதியைக் கடைசி நாளில் பிரித்துக்கொள்ளுங்கள். உணவிலும் எரிபொருளிலும் உரிமையாளரும் ஒரு பங்கு போடுகிறாரா என்பதைப் பார். ஐவர் உண்ணும் உணவுக்கு நால்வர் பணம் கொடுப்பதில் தவறில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். படகையே அவர் கொடுக்கிறாரே என்பது அவர்கள் வாதம். நான் அப்படி நினைக்கவில்லை. தன் பங்கைத் தானும் போடுகிற தலைவரின் படகில் மற்றவர்கள் மனம்விட்டு உழைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எது உடைந்தால் யார் பணம் தர வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்துபோன கயிறு அறுந்தால் அது படகின் செலவு. கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்னும் உருளையின் கைப்பிடியை நீ கவனக்குறைவாகக் கடலில் தவறவிட்டால் அது உன் செலவு. திருப்பித் தரப்படாத பெரிய முன்பணம் கேட்டால் கொடுக்காதே. பயணம் பாதியில் நின்றால், பயன்படுத்தாத நாட்களின் பணம் திரும்ப வரும் என்ற ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒரே பக்கம் போதும். வழக்கறிஞர் மொழி வேண்டாம்.

அடுத்து, அந்த மனிதர். கடலில் எத்தனை ஆண்டுகள் என்று கேட்பதைவிட, இந்தப் படகை எத்தனை தூரம், எந்தப் பருவத்தில், எத்தனை பேருடன் ஓட்டியிருக்கிறார் என்று கேள். ஏதேனும் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்பது அவமதிப்பு அன்று. பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடைமுறைப்படுத்தும் யாட்மாஸ்டர் போன்ற சான்றுகள் உலகெங்கும் அறியப்பட்டவை. ஆனால் சான்று இல்லாத மிக நல்ல தலைவர்களும் உண்டு. ஆகவே இதற்கு முன் அவரோடு பங்கு சேர்ந்து போன இருவரின் தொடர்பை வாங்கிப் பேசு. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அவர்களிடம் ‘நல்லவரா’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். காற்று பலத்தபோது என்ன செய்தார், களைத்திருந்தபோது எப்படிப் பேசினார், குடித்தாரா, யாராவது ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றபோது அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேள். இந்த நான்கு கேள்விகளுக்கான பதிலில் ஆள் தெரிந்துவிடுவார். உனக்கு உள்ளிருந்து தாழிடக்கூடிய தனி அறை கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடு. கூச்சத்தினால் பலர் கேட்காமல் விடுகிற கேள்வி இது. நேர்மையான உரிமையாளர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், ஓர் இரவும் இரு பகலும் கரையோரமாகவே ஒரு சிறு பயணம் போய்ப் பார்க்கலாமா என்று கேள். எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிய அதுவே சிறந்த வழி. ‘அதெல்லாம் எதற்கு’ என்று அவர் தட்டிக்கழித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்.

அந்தச் சிறு பயணத்தின்போது படகையும் பார். உனக்கு இயந்திரம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தரைப் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல். அடியில் எண்ணெய் கலந்த நீர் தேங்கியிருந்தால் பராமரிப்பு எப்படி என்பது புரியும். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, உன்னுடையதை நீயே அணிந்து சரிசெய்து பார்த்தாயா என்பதைக் கவனி. தளத்தின் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டையும், அதில் மாட்டிக்கொள்ள உன் உடலோடு இணைந்த வாரும் இருக்க வேண்டும்; இரவில் மேலே வருகிற எவரும் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது நல்ல படகுகளின் சட்டம். உயிர்காப்புத் தெப்பத்தின் மீது அடுத்த ஆய்வுத் தேதி எழுதியிருக்கும். அது கடந்துவிட்டதா என்று படித்துப் பார். தீயணைப்பானுக்கும், ஆபத்தில் உதவி கேட்டு வானில் எய்யும் ஒளி எறிகணைகளுக்கும் அவ்வாறே காலாவதித் தேதி உண்டு.

அபாய அறிவிப்புக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசி நம்பிக்கை அதுதான். ஈபிஆர்பி என்று சொல்லப்படும் அந்தக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோள்களுக்குக் குறிப்பு அனுப்பும். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் பனிப்போர்க் காலத்திலேயே, 1979இல், சேர்ந்து தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு அந்தக் குறிப்பைப் பெற்று மீட்பு மையங்களுக்குத் தருகிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009 பிப்ரவரியோடு நின்றுபோயிற்று. அத்தகைய பழைய கருவி சுவரில் தொங்கினால் அதை நம்பாதே. கருவி படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். மின்கலம் காலாவதியாகியிருக்கக் கூடாது. கரையில் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண்ணும் அந்தப் பதிவில் இருக்கும். குறிப்பு வந்ததும் மீட்பு மையம் முதலில் அழைப்பது அவரைத்தான். அதைத் தவிர, வி.எச்.எஃப். வானொலியை எப்படி இயக்குவது, 16ஆம் அலைவழியில் ‘மேடே’ என்னும் அபாய அழைப்பை எந்த வரிசையில் சொல்வது என்பதைத் தலைவரைத் தவிர இன்னொருவராவது அறிந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவர் நீயாக இரு. தலைவரே கடலில் விழுந்தால் படகை நிறுத்தி அவரிடம் திரும்பிவரத் தெரிந்தவர் யார் என்று முதல் நாளே கேள். ஒரு மிதவையை எறிந்து எல்லாரும் பழகிப் பாருங்கள்.

இனி எந்தக் கடல் என்ற கேள்வி. இதை உரிமையாளரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாதே; நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது இது. வட அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தென் பசிபிக்கில் ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வடமேற்குப் பசிபிக்கில் ஆண்டின் எந்த மாதத்திலும் சூறாவளி எழலாம் என்றாலும் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் மிகுதி. வட இந்தியப் பெருங்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்பும் பின்பும் என்று இரண்டு பருவங்கள். கடல்மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருப்பதும், புவிச் சுழற்சியின் விளைவு போதுமான அளவு இருப்பதும் சூறாவளி உருவாக வேண்டியவை. அதனால்தான் நிலநடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 5 டிகிரிக்குள் அவை பொதுவாக உருவாவதில்லை. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வட அட்சத்தில் உருவான வாமெய் சூறாவளி அரிய விதிவிலக்கு. ஆகவே பருவம் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாளரிடம் பேசு. ‘சூறாவளி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரிடம் விடைபெற்றுக்கொள். பல படகுக் காப்பீடுகளும் பருவ காலத்தில் குறிப்பிட்ட எல்லைக்குள் படகு இருந்தால் புயல் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்பதால், அவருடைய காப்பீட்டுப் பத்திரத்தையே காட்டச் சொல்லலாம்.

நல்ல பருவத்திலும் காற்று உன்னைச் சோதிக்கும். வணிகக் காற்று ஒரே திசையிலிருந்து நாட்கணக்கில் வீசுவது பாய்மரத்துக்குப் பெரும் பேறு; ஆனால் பிற்பகலில் கருத்த மேகம் ஒன்று அடிவானத்தில் தனியே எழுந்து, அடியில் மழைத்திரை தொங்க நெருங்கி வந்தால், 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இருந்த காற்று சில நிமிடங்களில் இரு மடங்காகும். மேகம் வருவதைக் கண்டதும் பாயைச் சுருக்க வேண்டும். வந்தபின் சுருக்க முனைவதில்தான் கை நசுங்குகிறது, பாய் கிழிகிறது. உனக்குத் தோன்றும்போதே தலைவரிடம் சொல். அவர் சிரித்தாலும் பரவாயில்லை.

பாயின் அடியில் கிடைமட்டமாக நிற்கும் பூம் என்னும் கட்டையை ஒருபோதும் மறந்துவிடாதே. பின்காற்றில் போகும்போது சுக்கான் சற்றே பிசகினாலும் அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு முழு வேகத்தில் வீசியடிக்கும். தலையில் பட்டால் உயிரைப் பறிக்கும். அதன் வீச்சுக்குள் நிமிர்ந்து நிற்காதே. வின்ச்சில் கயிறு சுற்றும்போது விரல்களைத் தள்ளி வை. நடக்கும்போதெல்லாம் ஒரு கை படகைப் பற்றியிருக்கட்டும்.

நாளுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கிட்டுக்கொள். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகு ஆறு நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள். முப்பது கடல் மைல் கடக்க ஐந்து மணி நேரம். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே கதிர் மறையும், அந்தி நீடிப்பதில்லை, அரை மணிக்குள் இருட்டிவிடும். பவளப்பாறைகள் நிறைந்த கடலில் இருட்டில் நுழைவது பேராபத்து. சூரியன் உயரத்திலும் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்கும் நேரத்தில்தான் நீரின் நிறம் உண்மை பேசும்: அடர்நீலம் ஆழம், வெளிர்நீலம் மணல் தெரியும் ஆழமற்ற நீர், பழுப்பு நிறம் பாறை. ஒருவர் படகின் முன்முனையில், நீர்ப்பரப்பின் கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்து நின்று கையால் திசை காட்ட, மெல்ல நுழைய வேண்டும். இந்தப் பணியை நீ கேட்டு வாங்கிக்கொள். இதில் நீ அடையப் போகும் மகிழ்ச்சி பெரிது. கண்ணால் கடலைப் படிக்கக் கற்றுக்கொண்டவரை அதன் பிறகு எந்த மின்னணு வரைபடமும் எளிதில் ஏமாற்ற முடியாது. பல தீவுக் கூட்டங்களின் வரைபடங்கள் மிகப் பழைய அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், திரையில் பாறை இல்லை என்று தெரிவதால் மட்டும் அங்கே பாறை இல்லாமல் போய்விடாது.

நங்கூரத்தை மணலில் போடச் சொல். பவளத்தின் மீது விழும் நங்கூரம் வளர நெடுங்காலம் எடுத்த உயிர்க்கூட்டத்தை ஒரு நொடியில் நொறுக்கும். படகுக்கும் அது நல்ல பிடிப்பு அன்று. சங்கிலி என்றால் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு நீளம் விடுவது பாதுகாப்பானது. அலைமட்டம் உயரும் அளவையும் படகின் முனை நீருக்கு மேல் நிற்கும் உயரத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நங்கூரம் பிடித்ததா என்பதை, நீர் தெளிவாக இருந்தால், நீயே கண்ணாடி அணிந்து நீந்திப் போய்ப் பார். இயந்திரம் ஓடும்போது யாரும் நீரில் இறங்கக் கூடாது. தனியாகவும் இறங்கக் கூடாது. கரைக்குப் போக வைத்திருக்கும் சிறு ரப்பர் படகில், ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைக் காலிலோ கையிலோ மாட்டாமல் புறப்படுபவரோடு நீ ஏறாதே.

படகு வாழ்க்கையின் பெரிய பாடம் நீர்ச் சிக்கனம். 400 லிட்டர்த் தொட்டியில் ஐவர் பத்து நாள் ஓட்டினால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ, உப்பை அலசிக் குளிக்க எல்லாம் அதற்குள். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிக் கடைசியில் சிறிது நன்னீரில் அலசுவார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கும். சமைத்து முடித்ததும் உருளையிலேயே மூடுவதை உன் வழக்கமாக்கிக்கொள்.

உடல்நலத்தில், முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல் பலருக்கும் வரும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். எது உனக்குப் பொருந்தும் என்று மருத்துவரைக் கேள். அடிவானத்தைப் பார்த்தபடி மேலே இரு. பவளம் கீறிய காயத்தைச் சிறிது என்று விட்டுவிடாதே; உடனே நன்றாகக் கழுவி மருந்திடு, வெப்பத்தில் அது விரைவில் சீழ்பிடிக்கும். பாறைகளை அண்டி வாழும் பெரிய மீன்களை, முக்கியமாகப் பெரிய சீலாவை, உள்ளூர் மீனவர் உண்ணத்தக்கது என்று சொன்னால் தவிர உண்ணாதே. சிகுவாடெரா என்னும் நோயை உண்டாக்கும் நச்சு அவற்றில் சேர்ந்திருக்கக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. அது தாக்கியவர்களுக்குக் குளிர்ந்த பொருள் சுடுவதுபோல் தோன்றும் விந்தையான உணர்வு வருவதுண்டு. வெயிலுக்கு நீண்ட கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் களிம்பைவிட நம்பகமானவை. பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன் கலந்த களிம்புகளின் விற்பனைக்கு 2020இல் பலாவ் நாடும் 2021இல் ஹவாயும் தடைவிதித்ததையும் நினைவில் வை.

உன் பயணக் காப்பீட்டை வரி வரியாகப் படி. பாய்மரப் பயணத்தையே விலக்கும் காப்பீடுகள் உண்டு. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை மட்டும் ஏற்பவை உண்டு. நீ படகில் வேலை செய்தாலே மாலுமி என்று கருதி மறுப்பவையும் உண்டு. நீ மாலுமியாகத்தான் போகிறாய் என்பதை எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலையும் எழுத்தில் வாங்கு. தொலைதூரத் தீவிலிருந்து மருத்துவமனைக்கு வான்வழியே கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்க வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகில் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது நீ சுற்றுலாப் பயணியாக இல்லாமல் மாலுமிப் பட்டியலில் ஒரு பெயராகப் பதிவாகிறாய். புதிய நாட்டுக்குள் படகு மஞ்சள் கொடியோடு நுழையும். குடியேற்றமும் சுங்கமும் முடியும்வரை பெரும்பாலான இடங்களில் தலைவரைத் தவிர யாரும் கரையில் கால்வைக்கக் கூடாது. மாலுமிகள் திரும்பிப் போவதற்கான பொறுப்பைப் பல நாடுகள் தலைவர்மீது சுமத்துகின்றன. அதனால் நீ படகைவிட்டு இறங்க விரும்பினால் உன் பெயரைப் பட்டியலிலிருந்து முறையாக நீக்க வேண்டும், விமானச் சீட்டையும் காட்ட வேண்டியிருக்கும். பதிவு வேலைக்காகக் கடவுச்சீட்டைத் தலைவரிடம் கொடுப்பது இயல்பு. வேலை முடிந்ததும் அது உன் கைக்குத் திரும்பி வர வேண்டும். பயணம் முடியும்வரை தானே வைத்துக்கொள்வேன் என்பதற்கு ஒப்புக்கொள்ளாதே. படகில் எவரேனும் போதைப்பொருள் வைத்திருந்தால் படகு பறிமுதலாவதோடு எல்லாரும் விசாரணைக்கு உள்ளாவீர்கள். அதைப் பற்றி முதல் நாளே எல்லாரும் சேர்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள்.

வீடு திரும்பும் விமானச் சீட்டுக்கான பணத்தைப் பொதுப் பணப்பையில் கலக்காமல் தனியே உன் கணக்கில் வைத்திரு. மனம் ஒப்பாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடும் உரிமை உனக்கு எந்த நாளிலும் உண்டு. அந்தப் பணம் கையில் இருந்தால் அதை நீ தயக்கமின்றிப் பயன்படுத்துவாய். இல்லாதவர்கள், ‘இன்னும் ஒரு வாரம்தானே’ என்று பொறுத்துக்கொண்டு, பொறுக்கக் கூடாததையும் பொறுத்திருக்கிறார்கள். நீ அப்படிப் பொறுப்பதை நான் விரும்பவில்லை. காரணம் எதையும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. வருகிறேன் என்ற ஒரு சொல் போதும்.

இவ்வளவும் எழுதியது உன்னை அச்சுறுத்த அன்று. நல்ல தலைவர் கிடைத்தால், காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காத இரவுக் காவலில், வட வானின் துருவ விண்மீன் அடிவானத்துக்கு அருகே தாழ்ந்தும் தெற்கே சிலுவை விண்மீன்கள் எழுந்தும் நிற்பதை நீ பார்ப்பாய். படகின் பின்னே நீர் ஒளிர்வதையும் பார்ப்பாய். அவற்றை நீ பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. அதனால்தான் இந்தக் கேள்விகளை இப்போதே முடித்துவிடச் சொல்கிறேன்.

உரிமையாளரின் பதில்கள் வந்ததும் அவற்றை எனக்கு அனுப்பிவை; படித்துவிட்டு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. புறப்படுவது உறுதியானால், படகின் பெயர், அதன் வானொலி அழைப்புக் குறி, அபாயக் கருவியின் பதிவு எண், படகில் இருக்கும் ஐவரின் பெயர்கள், செல்லும் துறைமுகங்களும் உத்தேசத் தேதிகளும், அந்தப் பகுதியின் கடல் மீட்பு மையத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எனக்கும் உன் அம்மாவுக்கும் அனுப்பு. கருவியின் பதிவில் கரைத் தொடர்பாக என் எண்ணையும் சேர்க்கச் சொல். ஒவ்வொரு துறைமுகத்தை அடைந்ததும் ஒரு வரி எழுது. குறித்த நாளுக்குப் பின் எத்தனை மணி நேரம் பொறுத்து நான் அந்த மையத்தை அழைக்க வேண்டும் என்பதைத் தலைவரிடம் கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
உன் அப்பா